யாங் (தரவு மாதிரியாக்க மொழி)

யாங் என்பது கணினி வலையமைப்பில் உள்ள திசைவி எனப்படும் ரூட்டர், சுவிட்ச், தீச்சுவர் முதலிய கருவிகளின் அமைவடிவத்தையும் இயக்க நிலையையும் முறைப்படி விவரிக்கப் பயன்படும் ஒரு தரவு மாதிரியாக்க மொழி ஆகும். ஒரு கருவியில் எந்தெந்தத் தரவுகள் உள்ளன, அவை ஒவ்வொன்றும் எவ்வகையைச் சேர்ந்தவை, எவற்றை மாற்றலாம், எவற்றை வாசிக்க மட்டும் முடியும் என்பனவற்றை மனிதரும் கணினியும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் வடிவில் எழுதிவைக்க இம்மொழி உதவுகின்றது. இணையப் பொறியியல் செயற்குழு இதனை 2010 அக்டோபரில் ஆர்எஃப்சி 6020 என்னும் ஆவணமாக வெளியிட்டது. இதன் 1.1 பதிப்பு ஆர்எஃப்சி 7950 ஆக 2016 ஆகத்து மாதம் வெளிவந்தது.

யாங் ஒரு நிரல் மொழி அன்று. அதில் எழுதப்படுவது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் கட்டளைத் தொடரும் அன்று. வீட்டின் வரைபடம் வீடு ஆகாதது போல, யாங் தொகுதி ஒன்று தரவின் அமைப்பை மட்டுமே கூறுகின்றது. தரவைக் கருவிக்குக் கொண்டு செல்வது நெறிமுறைகளின் பணி.

பின்னணி

வலையமைப்புக் கருவிகள் நெடுங்காலமாகக் கட்டளை வரி மூலமே அமைக்கப்பட்டு வந்தன. பொறியாளர் கருவியுடன் இணைந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து, திரையில் தோன்றும் விடையைப் படித்துப் புரிந்துகொள்வார். ஒரு சில கருவிகளுக்கு இம்முறை போதுமானது. நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள இடத்தில் அதே வேலையை நிரல்களைக் கொண்டு செய்ய முற்படும்போது இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன. திரையில் தோன்றும் விடை மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டது. நிரல் அதில் குறிப்பிட்ட சொல்லையோ நெடுவரிசையையோ தேடிப் பொருள் கொள்கின்றது. மென்பொருளின் அடுத்த பதிப்பில் அச்சொல் சற்று மாறினாலும் நிரல் பிழைபடுகின்றது. மேலும், இருபது கட்டளைகளில் பன்னிரண்டாவது தவறினால், முதல் பதினொன்றும் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில் கருவி பாதி வழியில் நின்றுவிடும்.

1988இல் வெளியான எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை, அதாவது எஸ்என்எம்பி, இதற்கு ஒரு மாற்றாகக் கருதப்பட்டது. அதன் தரவுகளை விவரிக்க எஸ்எம்ஐ என்னும் மொழியும், அம்மொழியில் எழுதப்பட்ட மிப் எனப்படும் தொகுதிகளும் பயன்பட்டன. கருவிகளின் நிலையைக் கண்காணிக்க எஸ்என்எம்பி பெரிதும் பயன்பட்டது. ஆனால் கருவிகளை அமைப்பதற்கு அது பரவலாகப் பயன்படவில்லை. எழுதத்தக்க மதிப்புகள் பல மிப் தொகுதிகளில் போதிய அளவில் இல்லாமையும், முழு அமைவடிவத்தையும் எடுத்து வைத்து மீண்டும் ஏற்றுவது கடினமாக இருந்தமையும் இதற்குக் காரணங்களாகும்.

2002 சூன் மாதம் இணையக் கட்டமைப்பு வாரியம் வலையமைப்பு மேலாண்மை பற்றி ஒரு பயிலரங்கை நடத்தியது. வலையமைப்புகளை நாள்தோறும் இயக்குவோரும் நெறிமுறைகளை வகுப்போரும் இதில் நேருக்கு நேர் பேசினர். அதன் அறிக்கை ஆர்எஃப்சி 3535 ஆக 2003இல் வெளியானது. இயக்குவோர் வேண்டியவற்றுள் முக்கியமானவை:

• பயன்படுத்த எளிதாக இருத்தல்.
• அமைவடிவத் தரவு, இயக்க நிலைத் தரவு, புள்ளிவிவரங்கள் ஆகியவற்றைத் தெளிவாக வேறுபடுத்தல். அவற்றைத் தனித்தனியே பெறக்கூடியதாக இருத்தல்.
• ஒரு தனிக் கருவியை அல்லாமல் வலையமைப்பு முழுவதையும் அமைப்பதில் கவனம் செலுத்த இடமளித்தல்.
• பல கருவிகளில் செய்யும் மாற்றத்தை ஒரே பரிமாற்றமாக, முழுவதும் அல்லது எதுவுமில்லை என்ற முறையில் செய்ய இயலுதல்.

இவ்வேண்டுகோள்களின் விளைவாக நெட்கான்ஃப் என்னும் நெறிமுறை 2006 திசம்பரில் ஆர்எஃப்சி 4741 ஆக வெளியானது. அமைவடிவத்தை எடுத்தல், மாற்றுதல், பூட்டுதல் முதலிய செயல்களை அது வரையறுத்தது. ஆனால் அச்செயல்கள் சுமந்து செல்லும் தரவை எம்மொழியில் விவரிப்பது என்பதை அது கூறவில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டு 2008இல் நெட்மாட் என்னும் பணிக்குழு அமைக்கப்பட்டது. ஆர்எஃப்சி 6020, 7950 ஆகிய இரண்டின் பதிப்பாசிரியரும் மார்ட்டின் பியோர்க்லுண்ட் ஆவார்.

பெயர்

யாங் என்பது "யெட் அனதர் நெக்ஸ்ட் ஜெனரேஷன்", அதாவது "இன்னுமொரு அடுத்த தலைமுறை" என்பதன் சுருக்கம். எஸ்எம்ஐ மொழியின் அடுத்த தலைமுறையாக உருவாக்கப்பட்ட எஸ்எம்ஐ-என்ஜி 2004இல் ஆய்வுநிலை ஆவணமாக வெளிவந்ததேயன்றிச் செந்தரம் ஆகவில்லை. ஆயினும் அதன் எழுத்திலக்கணத்தின் சாயலை யாங் மொழியில் காணலாம். சி, சி++ மொழிகளை அறிந்தோருக்கும் யாங் தொகுதியின் நெளிவடைப்புகளும் அரைப்புள்ளிகளும் பழக்கமானவையாகத் தோன்றும்.

அடிப்படைக் கூறுகள்

யாங் மொழியில் தரவு ஒரு மரமாகக் கருதப்படுகின்றது. எழுதப்படும் அலகு தொகுதி எனப்படும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பெயரும், பிறவற்றுடன் குழம்பாதிருக்க ஒரு பெயர்வெளியும், திருத்தப்பட்ட நாளும் உண்டு. மரத்தின் கணுக்களுள் முக்கியமானவை நான்கு:

• கொள்கலம்: தொடர்புடைய கணுக்களை ஒன்றுசேர்ப்பது. இதற்கெனத் தனி மதிப்பு இல்லை.
• பட்டியல்: ஒரே அமைப்புடைய பல உருப்படிகளைக் கொண்டது. ஒவ்வோர் உருப்படியும் ஒரு திறவுகோலால் இனங்காணப்படும்.
• இலை: ஒரே ஒரு மதிப்பைக் கொண்டது.
• இலைப்பட்டியல்: ஒரே வகையைச் சேர்ந்த பல மதிப்புகளைக் கொண்டது.

முழுவெண், பதின்ம எண், சரம், பூலியன், பெயரிட்ட மதிப்புகளின் தொகை முதலிய வகைகள் மொழியிலேயே உள்ளன. இவற்றிலிருந்து புதிய வகைகளை வருவித்துக்கொள்ளலாம். இணைய முகவரி, நாள், நேரம் போன்று அடிக்கடி தேவைப்படும் வகைகள் தனித் தொகுதிகளாக முன்னரே எழுதப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டு: இடைமுகத் தொகுதி

கருவியின் இடைமுகங்களை விவரிக்கும் செந்தரத் தொகுதி 2014இல் ஆர்எஃப்சி 7223 ஆக வெளியாகி, 2018இல் ஆர்எஃப்சி 8343 ஆகத் திருத்தப்பட்டது. அதன் ஒரு பகுதியைப் பின்வருமாறு சுருக்கிக் காட்டலாம்:

இடைமுகங்கள் – கொள்கலம்
– இடைமுகம் – பட்டியல், திறவுகோல்: பெயர்
– – பெயர் – சரம்
– – விவரிப்பு – சரம்
– – இயக்க அனுமதி – பூலியன், இயல்பு மதிப்பு: உண்மை
– – இயக்க நிலை – பெயரிட்ட மதிப்பு, வாசிக்க மட்டும்

இதில் கடைசி இரண்டு இலைகளும் கூர்ந்து நோக்கத்தக்கவை. "இயக்க அனுமதி" என்பது பொறியாளரின் விருப்பம். "இயக்க நிலை" என்பது கருவி காணும் உண்மை. ஒருவர் தவறுதலாக வடத்தைப் பிடுங்கிவிட்டால், இயக்க அனுமதி "உண்மை" என்றே இருக்கும். இயக்க நிலை மட்டும் இயங்கவில்லை என்பதைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் கொண்டே மேலாண்மை மென்பொருள் பழுதைக் கண்டறிகின்றது. 2002 பயிலரங்கில் கேட்கப்பட்ட வேறுபாடு இவ்வாறு மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது.

கட்டுப்பாடுகள்

தரவு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை யாங் பல நிலைகளில் கட்டுப்படுத்துகின்றது. முதலாவது, மதிப்பின் எல்லை. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்புக்கான முகவரி முன்னொட்டின் நீளம் 0 முதல் 32 வரை மட்டுமே இருக்கலாம். அதே பதிப்பில் பொதியின் உச்ச அளவு 68 எண்மங்களுக்குக் குறையக்கூடாது. ஆறாம் பதிப்பில் 1280 எண்மங்களுக்குக் குறையக்கூடாது. 33 என்னும் முன்னொட்டு நீளம் வலையமைப்பை அடையும் முன்னரே மறுக்கப்படும்.

இரண்டாவது, சுட்டு இலை. ஓர் இடைமுகம் ஒரு வடிகட்டி விதியைப் பெயரால் சுட்டுவதாகக் கொள்வோம். அவ்விதியை ஒருவர் நீக்கிவிட்டால், இடைமுகம் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். கட்டளை வரியில் சில கருவிகள் இதை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்வதால், பாதுகாப்பு இருப்பதாக எண்ணப்படும் இடத்தில் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். மாதிரியில் அது சுட்டு இலையாக எழுதப்பட்டிருந்தால், சுட்டப்படும் விதி இருந்தாக வேண்டும். இல்லையெனில் மாற்றம் ஏற்கப்படாது.

மூன்றாவது, நிபந்தனைக் கூற்றுகள். ஒரு மதிப்பு இன்னொரு மதிப்பைப் பொறுத்து அமைய வேண்டும் என்பதை எக்ஸ்பாத் கோவைகளால் எழுதலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வரம்பின் தொடக்க எண் அதன் இறுதி எண்ணைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது என்று விதிக்கலாம்.

விரிவாக்கமும் திருத்தமும்

ஒருவர் எழுதிய தொகுதியில், அதனைத் தொடாமலேயே, வேறொருவர் புதிய கணுக்களைச் சேர்க்கலாம். இடைமுகத் தொகுதியில் இணைய முகவரிகள் இவ்வாறே வேறொரு தொகுதியால் சேர்க்கப்படுகின்றன. தன் கருவி செந்தரத்தின் ஒரு பகுதியை ஆதரிக்கவில்லை எனில், அதனை விலகல் கூற்றாகத் தயாரிப்பாளர் அறிவிக்கலாம். செந்தரத் தொகுதிகளில் விலகல் கூற்றுகள் இடம்பெறக்கூடாது.

வெளியிட்ட தொகுதியை மாற்றுவதற்குக் கடுமையான விதிகள் உண்டு. மதிப்பின் எல்லையை விரிக்கலாம், குறுக்கக்கூடாது. பழைய கணுவை அழிக்கக்கூடாது; வழக்கொழிந்தது எனக் குறிக்கலாம். முந்தைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையாமல் இருப்பதே இதன் நோக்கம்.

நெறிமுறைகளுடன் தொடர்பு

யாங் மாதிரிக்கு ஏற்ற தரவை எக்ஸ்எம்எல், ஜேசன் முதலிய வடிவங்களில் எழுதலாம். 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9254, சிறு கருவிகளுக்கு ஏற்ற சீபார் வடிவத்தையும் வரையறுத்தது. எடுத்துச் செல்லும் நெறிமுறைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. நெட்கான்ஃப், எஸ்எஸ்எச் இணைப்பின் வழியே 830ஆம் துறையில் இயங்குகின்றது. 2017இல் வெளியான ரெஸ்ட்கான்ஃப், வலைச் சேவைகளைப் போல எச்டிடிபி வழியே இயங்குகின்றது. ஓப்பன்கான்ஃபிக் குழுவின் ஜிஎன்எம்ஐ, தரவைத் தொடர்ச்சியாக அனுப்பும் கண்காணிப்புக்கு ஏற்றது.

நெட்கான்ஃபில் உள்ள உறுதிப்படுத்தும் ஏற்பு என்னும் வசதி தொலைவில் உள்ள கருவிகளுக்கு இன்றியமையாதது. மாற்றத்தை ஏற்ற கருவி, உறுதிச் செய்திக்காக இயல்பாக 600 நொடிகள் காத்திருக்கும். அம்மாற்றமே மேலாண்மை இணைப்பைத் துண்டித்துவிட்டால் உறுதிச் செய்தி வந்து சேராது. கருவி தானாகவே பழைய அமைவடிவத்துக்குத் திரும்பிவிடும். கருவி இருக்கும் இடத்துக்கு ஒருவர் பயணம் செய்து அதைச் சரிசெய்ய வேண்டிய நிலை இதனால் தவிர்க்கப்படுகின்றது.

மாதிரிகளின் குடும்பங்கள்

மொழி ஒன்றேயாயினும் மாதிரிகள் ஒன்றல்ல. இணையப் பொறியியல் செயற்குழுவின் செந்தர மாதிரிகள், தயாரிப்பாளர்களின் சொந்த மாதிரிகள், கூகுள் உள்ளிட்ட பெரும் வலையமைப்பு இயக்குவோர் 2014 முதல் உருவாக்கிவரும் ஓப்பன்கான்ஃபிக் மாதிரிகள் என மூன்று குடும்பங்கள் உள்ளன. ஓப்பன்கான்ஃபிக் மாதிரிகளில் விருப்பமும் உண்மை நிலையும் இரு தனிக் கொள்கலங்களில் வைக்கப்படுகின்றன. செந்தர மாதிரிகளோ, 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8342 வகுத்தபடி, ஒரே மரத்தை வெவ்வேறு தரவுக்கிடங்குகளில் காட்டுகின்றன. எனவே ஒரே செய்தியைப் பல கருவிகளுக்கு அனுப்புவோர் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மொழிபெயர்க்க வேண்டியுள்ளது.

வரம்புகள்

தரவு முறையாக உள்ளதா என்பதை யாங் மாதிரி சோதிக்கும். அது விரும்பிய விளைவைத் தருமா என்பதைச் சோதிக்காது. பெரும் வலையமைப்புத் தடைகள் சில, இலக்கணப் பிழையற்ற மாற்றங்களாலேயே நேர்ந்துள்ளன. 2022 சூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய வலையமைப்பு மேம்பாட்டுப் பணியின்போது ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. அதனால் பெருந்தொகையான வழித்தடத் தகவல்கள் மையத் திசைவிகளுக்குள் புகுந்து அவற்றை முடக்கின. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேவையை இழந்தனர். பலரால் 911 அவசர எண்ணையும் அழைக்க முடியவில்லை. மேலாண்மை வலையமைப்பும் அதே மையத்தைச் சார்ந்திருந்ததால் பழுதைச் சரிசெய்வது தாமதமானது.

ஒரு விதியை நீக்குக என்னும் வேண்டுகோள் எந்த மாதிரியின்படியும் முறையானதாகவே இருக்கக்கூடும். தன்னியக்கம் ஒரு பிழையையும் நூறு கருவிகளுக்கு நொடிகளில் பரப்ப வல்லது. ஆகவே மாதிரிச் சோதனையுடன், ஆய்வுக்கூட ஒத்திகை, சிறு பகுதியில் தொடங்கிப் படிப்படியாக விரித்தல், மாற்றத்துக்குப் பின் நிலையை ஒப்பிடல் ஆகியவையும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

• எஸ்என்எம்பி
• நெட்கான்ஃப்
• ரெஸ்ட்கான்ஃப்
• எக்ஸ்எம்எல்
• திசைவி