காந்தத்துக்கு மசியாத படிகம்

மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்திக்கும் காந்தப்புலத்துக்கும் ஒத்துப்போவதில்லை. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன. சாதாரண ஜோடியில் ஒன்றின் ஸ்பின் (எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும் பண்பு) மேல்நோக்கினால் மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கும். காந்தப்புலமோ இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஓர் அளவைத் தாண்டினால் ஜோடி உடைந்துவிடும். அந்த எல்லையை 1962இல் கிளாக்ஸ்டனும் சந்திரசேகரும் தனித்தனியே கணக்கிட்டார்கள். (இவர் பி. எஸ். சந்திரசேகர்; விண்மீன் ஆய்வுக்கு நோபல் பெற்றவர் வேறு.) மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையில் ஒவ்வொரு கெல்வினுக்கும் ஏறத்தாழ 1.86 டெஸ்லா என்பது அவர்கள் கணக்கு.

சீரியம், ரோடியம், ஆர்சனிக் மூன்றும் 1:2:2 விகிதத்தில் சேர்ந்த படிகம் ஒன்று 0.26 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. கணக்குப்படி அரை டெஸ்லாவிலேயே அது அடங்கிவிட வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட அளவீட்டில் அது சுமார் 14 டெஸ்லா வரை தாக்குப்பிடித்தது. அதைவிட விசித்திரம், 4 டெஸ்லாவை ஒட்டி அது ஒருவகை மீக்கடத்தல் நிலையிலிருந்து வேறொரு வகைக்கு மாறியது.

சூட்சுமம் அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. பொதுச்சுவரின் இருபுறமும் ஒன்றையொன்று புரட்டிவைத்த அமைப்பில் கட்டிய இரட்டை வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சமச்சீர். ஒரு வீட்டுக்குள் நின்று பார்த்தால் இல்லை. இந்தப் படிகத்தின் சீரிய அடுக்குகளும் அப்படித்தான். முழுப் படிகத்துக்குப் புரட்டுச் சமச்சீர்மை உண்டு. தனி அடுக்குக்குக் கிடையாது, ஏனெனில் அதன் மேலும் கீழும் இருக்கும் அணு வரிசைகள் வேறுவேறு. அதனால் ஒவ்வோர் அடுக்கிலும் எலக்ட்ரானின் ஸ்பின், அது ஓடும் திசையோடு பிணைந்து, அடுக்கின் தளத்திலேயே படுக்க விரும்புகிறது. செங்குத்தாக வரும் காந்தப்புலத்தால் அதை எளிதில் நிமிர்த்த முடிவதில்லை.

புலம் குறைவாக இருக்கையில் ஜோடிகளின் அலைச்சார்பு எல்லா அடுக்குகளிலும் ஒரே குறியோடு இருக்கிறது; 4 டெஸ்லாவுக்கு மேல் அடுக்குக்கு அடுக்கு குறி மாறுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். புலத்தை அடுக்கின் தளத்துக்கு இணையாக வைத்தால் மீக்கடத்தல் சுமார் 2 டெஸ்லாவிலேயே முடிந்துபோகிறது, இரண்டாம் நிலையும் தோன்றுவதில்லை. சமச்சீர்மை வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் இதே படிகத்தில் தாழ்ந்த வெப்பநிலையில் தலைகாட்டும் காந்த ஒழுங்குக்கும் இந்த நிலைமாற்றத்தில் பங்குண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.