பின்னோக்கிக் கேட்பதும் முன்னோக்கிப் பார்ப்பதும்

"சேர், மகன் நல்லாத்தான் இருந்தான். ஓ.எல். சோதினைக்குப் பொறகுதான் இப்பிடி ஆயிட்டான்." மனநோயால் அவதிப்படும் பிள்ளையின் உம்மாவோ வாப்பாவோ இப்படிச் சொல்வதை ஆசிரியர்கள் பலர் கேட்டிருப்போம். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நோய் முற்றிய பிறகு பழையதைக் கேட்டால், எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்பது நினைவில் குழம்பிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, நோய் வருமுன்னரே பிள்ளைகளைப் பின்தொடரத் தொடங்க வேண்டும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் அதைத்தான் செய்தார்கள். 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அந்நகரில் பிறந்தவர்களுள் 1,037 பேர் மூன்று வயதில் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்களை அழைத்துப் பரிசோதித்தார்கள். வெளிநாடு போனவர்களுக்கும் பயணச்செலவு கொடுத்து வரவழைத்தார்கள். 45 வயதில், உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். இந்த ஆய்வின் பலமே இதுதான். நோயுற்றவர்கள்தான் முதலில் விலகிப்போவார்கள். அவர்கள் விடுபட்டால் கணக்கே பிழைத்துவிடும்.

இதில் தெரியவந்தவை என்ன? 26 வயதில் உளக் குறைபாடு இருந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு 15 வயதுக்கு முன்னரும், முக்கால்வாசிப் பேருக்கு 18 வயதுக்கு முன்னரும் ஏதோவொரு குறைபாடு பதிவாகியிருந்தது. ஆக, 'திடீரெண்டு வந்தது' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் திடீரென வந்ததல்ல. வருத்தமும் ஒரே உருவில் நிற்பதில்லை. ஒரு வயதில் பதகளிப்பாக இருந்தது இன்னொரு வயதில் மனச்சோர்வாக வருகிறது.

இன்னொன்று: 32 வயது வரை பதகளிப்புக்கோ மனச்சோர்வுக்கோ ஆளானவர்களின் வீதம், ஒரேயொரு தடவை பழையதைக் கேட்டு எழுதும் கணக்கெடுப்புகள் காட்டுவதைப்போல் சுமார் இரு மடங்கு. சுகமான பிறகு பலர் பட்டதை மறந்துவிடுகிறார்கள். 45 வயதாகும்போது 86 வீதமானோர் ஒரு தடவையேனும் ஏதோவொரு உளக் குறைபாட்டைக் கண்டிருந்தார்கள். அப்படியானால் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. அது ஒரு நகரத்தின் கதை. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இலக்கங்களை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. முன்னறிகுறி என்பது தலைவிதியும் அல்ல. பிறருக்குக் கேட்காத குரல் தமக்குக் கேட்கிறது என்பது போன்ற அறிகுறிகளை 11 வயதில் வலுவாகச் சொன்ன பிள்ளைகள் மிகச் சிலர். அவர்களில் நால்வரில் ஒருவருக்கு 26 வயதில் உளப்பிளவு வகைக் குறைபாடு காணப்பட்டது. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆனால் நால்வரில் மூவருக்கு அது வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஆகவே, ஆறாம் வகுப்புப் பிள்ளையொன்று, "யாரோ கதைக்கிற மாதிரி கேக்குது சேர்" என்று சொன்னால் சிரித்துத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம், பயந்து ஒதுக்கவும் வேண்டாம். வீட்டாரோடு கதைத்து, வைத்தியரிடம் காட்டச் சொல்வோம். சொன்ன திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்போம்.