உப்பளத்தில் தொடங்கி தரங்கம்பாடி வரை



கோடை விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று எல்லோரும் மலையேறுகிற நேரத்தில், நாங்கள் கடலோரமாகவே காரில் போய்விட்டு வந்தோம். "கத்திரி வெயிலில் கடற்கரையா? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று எதிர் வீட்டு அக்காவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது என் அண்ணன் மகள். அவள் கணவரோடு வெளிநாட்டில் இருக்கிறாள். ஸ்பெயின் நாட்டின் வடக்குக் கடற்கரையில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சான் செபாஸ்டியன், பில்பாவோ, சாண்டாண்டர் என்று ஊர் ஊராகப் போய் போட்டோ அனுப்பினாள். ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் சுமார் 100 கிலோமீட்டர்தானாம். ரொட்டித் துண்டின் மேல் மீனோ மிளகாயோ வைத்து, பல்குச்சி குத்தி, கடை மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்களாம். எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் குச்சிகளை எண்ணிக் காசு கொடுப்பதாம். "நம்மூர் பஜ்ஜிக் கடையில் தட்டை எண்ணுகிற மாதிரி அத்தை" என்று எழுதியிருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டு என் பெண், "அம்மா, நம்ம வீட்டுலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர்ல கடல் இருக்கு. நாம எங்கே போயிருக்கோம்?" என்று கேட்டாள். சுருக்கென்றது. கேளம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு 24 வருஷம் ஆகிறது. கோவளமும் மகாபலிபுரமும் விருந்தாளி வந்தால் கூட்டிப் போகிற இடங்கள், அவ்வளவுதான்.

போகாததற்கு ஒரு காரணமும் உண்டு. என் மாமியார்.

அத்தை பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடியில். அவர் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். 19 வயதில் இங்கே மருமகளாக வந்தார். தங்கை உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார், கடலுக்குப் பக்கத்துத் தெருவில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமியில் அந்தச் சின்ன அத்தை போய்விட்டார். அப்போது தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது (2020-லிருந்து மயிலாடுதுறை மாவட்டம்). அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. என் வீட்டுக்காரர்தான் போய்க் காரியம் முடித்து வந்தார். அத்தை போகவில்லை. அன்றிலிருந்து கடலையே பார்க்கவில்லை. திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குக்கூட, "அங்கே அலைச் சத்தம் கேட்கும், நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா? 20 வருஷம்!

நான்தான் ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மெதுவாகக் கேட்டேன். "அத்தை, தரங்கம்பாடி வரைக்கும் கார்லயே போயிட்டு வரலாமா? நானே ஓட்டறேன்." அவர் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நீ ஓட்டினா வரேன். அவன் ஓட்டினா வேகமாப் போவான்" என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. நான் 44 வயதில் லைசென்ஸ் எடுத்தவள். மார்க்கெட்டுக்கும் டியூஷனுக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை.

2025 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாவடு, பிளாஸ்கில் காபி. கோவளம் போகும் ரோட்டில் இருபக்கமும் உப்பளம். இருட்டில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மட்டும் மினுங்கியது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கோவளத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்து வலது பக்கம் திரும்பினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மகாபலிபுரம் தாண்டுவதற்குள் அவர் கால்தான் வலித்திருக்கும்!

மகாபலிபுரத்தில் இறங்கவில்லை. அங்கே கடற்கரைக் கோயில் இருக்கிறதே, அத்தைக்கு முதல் ஊரிலேயே கடலைக் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன். கல்பாக்கத்தை ஒட்டின சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. நம் பக்கத்து மெல்லிய துணியை வாங்கிக் கப்பலேற்றத்தான் அவர்கள் வந்தார்கள். செங்கல் மதில் இடிந்து கிடந்தாலும், உள்ளே கல்லறைக் கற்களில் செதுக்கு வேலை பிரமாதம். எங்கேயோ பிறந்து இங்கே வந்து புதைந்திருக்கிறார்களே என்று என் பெண் வருத்தப்பட்டாள். கல்பாக்கம் என்றால் அணுமின் நிலையம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல ரோடுதான். அகலப்படுத்துகிற வேலை நடந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். ஆனால் பெண்கள் ஒதுங்க ஓர் இடம்? ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருக்கிறாராம். இன்னொன்றில் தண்ணீர் இல்லை. 72 வயது அத்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட அவஸ்தை! கடைசியில் கடப்பாக்கம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "இதுக்கென்னம்மா, உள்ளே வாங்க" என்று கூட்டிப் போனதோடு மோரும் கொடுத்தார். தோழிகளே, கடலோரமாகப் போனால் பங்கை நம்பாதீர்கள், கோலம் போட்ட வாசலை நம்புங்கள். ஆலம்பரைக் கோட்டையும் அங்கேதான் இருக்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயரிடம் விழுந்த கோட்டை. வெயில் ஏறிவிட்டதால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

பாண்டிச்சேரியைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்ல? எங்கள் வீட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அன்றிரவு அங்கே தங்கினோம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை ஒப்படைத்தாலும், சட்டப்படி மாறியது 1962-ல்தான் என்பது எனக்குத் தெரியாத விஷயம். நீள ரொட்டி ஒன்று வாங்கி, நான் கட்டி வந்த தக்காளித் தொக்கைத் தடவிச் சாப்பிட்டோம். ஸ்பெயினுக்கு எதிர்ப்பாட்டு! மற்ற மூவரும் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அத்தை அறையிலேயே படுத்துக்கொண்டார். அவர் மஞ்சள் பையை மட்டும் தலைமாட்டில் வைத்திருந்தார். யாரையும் தொட விடவில்லை.

மறுநாள் கடலூர். கிளைவ் காலத்து டேவிட் கோட்டை இருந்த ஊர். நிற்காமல் போனோம். பரங்கிப்பேட்டை என்று பெயர்ப்பலகை வந்ததும் என் பெண், பரங்கியர் வந்த ஊர் என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்களே என்று சிரித்தாள். போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம் என்று அர்த்தம். யோசித்துப் பாருங்கள், ஒரே ரோட்டில் டச்சு, பிரெஞ்சு, இங்கிலீஷ், போர்த்துகீஸ், கடைசியில் டேனிஷ். எல்லோரும் நம் துணிக்கும் மிளகுக்கும் வந்தவர்கள். சிதம்பரத்தில் நடராஜரைத் தரிசித்து, இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு சாப்பிட்டோம். சுட்ட கத்தரிக்காய், புளி, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய். என் கை கொத்சு இனிமேல் வீட்டில் செல்லாது.

சீர்காழி தாண்டியதும் அத்தை எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பூம்புகாருக்குத் திரும்பும் இடத்தில், "வேணாம், நேராப் போ" என்றார். அதற்கப்புறம் வழி சொன்னதெல்லாம் அவர்தான்.

தரங்கம்பாடிக்குள் நுழையும்போதே ஒரு வெள்ளை நுழைவாயில். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேரே கடலில் போய் முடியும். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு இங்கே இடம் கொடுத்தார். டேன்ஸ்போர்க் கோட்டையும் அப்போது எழுந்ததுதான். 1845-ல் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார். அவர் கட்டிய 1718-ஆம் வருஷத்துப் புது எருசலேம் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் அத்தை ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். 24 வருஷத்தில் ஒருநாள்கூட இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கோட்டைக்குப் போவோம் என்று நினைத்தேன். அவர் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடக்கச் சொன்னார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1305 வாக்கில் எழுந்த கோயில். ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்பதே அங்குள்ள கல்வெட்டில்தான் இருக்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது கரையோரம் பாறாங்கல்லைக் கொட்டி, கோயிலையும் புதுப்பித்திருக்கிறார்கள்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்தார். கடல் அன்றைக்கு அவ்வளவு சாது. என் வீட்டுக்காரர் தள்ளியே நின்றார். "நானும் அவளும் இங்கே உக்காந்துதான் வேர்க்கடலை திம்போம். தண்ணிக்குள்ள தெரியற கல்லை எண்ணுவோம். அவ எப்பவும் ஒண்ணு கூடச் சொல்லுவா" என்றார். அப்புறம் கடலைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போடுகிற குரலில், "என்ன, கோயிலைத் தின்னே, என் கூடப்பொறந்தவளைத் தின்னே. இன்னும் பசி அடங்கலையா உனக்கு?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. குனிந்து இரண்டு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "வா, வெயில் ஏறுது" என்றார்.

சின்ன அத்தையின் மகள் இப்போது கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த சுனாமி வீட்டில் இருக்கிறாள். மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு என்று அமர்க்களம் பண்ணிவிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அத்தை மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சுங்குடிச் சேலை, அரக்கில் மஞ்சள் புள்ளி. 2005 பொங்கலுக்குத் தங்கைக்கென்று முன்கூட்டியே எடுத்து வைத்தது. இருபது வருஷமாக எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்திருக்கிறது. அந்தப் பீரோவை மாதம் ஒருமுறை துடைக்கிறவள் நான், எனக்கே தெரியாது! மடித்த இடமெல்லாம் இற்றுப்போய் இழை விட்டிருந்தது. "பழசாயிடுச்சு. வேணாம்னா பாத்திரக்காரனுக்குப் போடு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் பேசாமல் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து, "பெரியம்மா, கொசுவம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். அத்தை எழுந்து போய்க் குனிந்து, கொசுவத்தை நீவி விட்டார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காரைக்கால் வரை போய் அம்மையாரைக் கும்பிட்டோம். ஒரு மாம்பழம் எங்கிருந்து வந்தது என்று பயந்து கட்டினவளை விட்டுப் போன புருஷன் கதையை என் பெண்ணுக்குச் சொல்லி, "அவன் போனதும் நல்லதுக்குத்தான், இல்லேன்னா அவளைச் சமையல்கட்டை விட்டு யாரு வெளியே விட்டிருப்பா?" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். நாகூரில் ஐந்து மனோராக்களையும் வெளியிலிருந்து பார்த்தோம். பெரியது 131 அடி, தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. வேளாங்கண்ணிக்கு நேரம் போதவில்லை. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி நம் ரோட்டில் நடந்து போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒருமுறை போக வேண்டும் என்று தோன்றும். ஸ்பெயினின் அந்த வடக்குக் கடற்கரையிலும் இப்படித்தான், சாந்தியாகோ என்ற ஊர்க் கோயிலுக்குச் சிப்பியை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடக்கிறார்களாம்.

திரும்பும்போது முழுக்க நான்தான் ஓட்டினேன். இருட்டும் நேரத்துக்குக் கோவளம் வந்துவிட்டோம். கேளம்பாக்கத்துக்கு இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டேன். பின் சீட்டிலிருந்து அத்தை, "ஏம்மா, வலது பக்கம் திருப்பேன். மணல்ல சுண்டல் விக்கிறவன் இருப்பான் இல்லே?" என்றார்.

- ஒரு வாசகி, கேளம்பாக்கம்