தாய்மார் நினைவில் நின்றால்தான் சம்பளம்

1980ஆம் ஆண்டு வங்கதேசத்தின் ‘பிராக்’ தொண்டு நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்துக் கிராமம் கிராமமாக அனுப்பியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் வெல்லமும் தண்ணீரில் கலந்து எப்படிக் கொடுப்பது என்று தாய்மாருக்குச் சொல்லித்தருவதுதான் வேலை. அவர்களுக்குச் சம்பளம் கணக்கிட்ட விதம் புதுமையானது. எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்பது கணக்கில் சேரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு குழு அதே ஊருக்குப் போகும். சொல்லித்தந்த வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, நினைவில் வைக்கச் சொன்ன பத்துக் குறிப்புகளைத் தாயிடம் கேட்கும். கரைசலைக் கலந்து காட்டவும் சொல்லும். எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தரம் போடும். அந்தத் தரத்தை வைத்துத்தான் சொல்லித்தந்த பெண்ணின் ஊதியம். தாய்க்குச் சரியாகக் கலக்கத் தெரியவில்லை என்றால் அந்த வீட்டுக்குக் காசில்லை.

மருத்துவத்தில் கற்பித்தலைப் பற்றி இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் அறியேன். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில், “இது காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி” என்று படபடவென்று சொல்லிவிட்டுக் கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால், நோயாளி தலையாட்டத்தான் செய்வார். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் புரியவில்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வீட்டுக்குப் போய் மாத்திரை மாறிப்போனால், சொன்னதைக் கேட்காதவர் என்ற பழி அவர் தலையில் விழுகிறது. பிராக் அந்தப் பழியை இடம் மாற்றியது. கற்றவருக்குச் செய்யத் தெரியவில்லை என்றால் கற்பித்தல் இன்னும் முடியவில்லை, பொறுப்பு கற்பித்தவருடையது. மருத்துவமனைகள் நோயாளிக்குச் சொல்லித்தருவதையும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

அன்று மருந்துக்குப் பஞ்சமில்லை. குடலில் சர்க்கரையோடு சேர்ந்தால் உப்பு உள்ளே போகிறது, அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. காலரா நோயாளிகளுக்கு சலைன் ஏற்றும் தேவையை வாய்வழிக் கரைசலால் பெருமளவு குறைக்க முடியும் என்று டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் காட்டியிருந்தார்கள். 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலநபிஸ் பீப்பாய்களில் கரைசலைக் கலந்து வைத்து உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் ‘லான்செட்’ இதழ் எழுதியது. அப்படியிருந்தும் வங்கதேசக் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆய்வகத்துக்குத் தெரிந்திருந்தது தாய்க்குத் தெரியவில்லை.

பிராக் நிறுவனர் ஃபஸ்லே ஹசன் ஆபெத் அனுப்பிய பெண்கள் மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று பாடத்தைத் தாயின் கைக்கு அடக்கமாகச் சுருக்கியிருந்தார்கள். சொல்லிவிட்டு நகரவில்லை, தாயே அவர்கள் கண்முன் கலக்க வேண்டும். கலந்த கரைசலின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பின் அளவைச் சரிபார்த்தார்கள். தாய்மாருக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் குழந்தைக்கு உண்மையிலேயே வயிற்றுப்போக்கு வந்தபோது, அதைக் கொடுத்தவர்கள் தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதையின் மேல் மதிப்புக் கூடுகிறது. படிக்காத பெண்கள் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு யாரும் ஒதுங்கவில்லை, காரணத்தைத் தேடிப் போனார்கள். முதல் காரணம் அவர்களுடைய ஊழியர்களிடமே இருந்தது. பலர் தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மாத்திரை போட்டுக்கொண்டார்கள். உப்பும் வெல்லமும் உயிர் காக்கும் என்று அவர்களே நம்பவில்லை. நம்பாதவர் சொல்வது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஊழியர்களுக்குக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று மறுபடி விளக்கினார்கள். இன்னொரு காரணம், டாக்டர்கள் ஒரே நோயாகப் பார்த்ததைத் தாய்மார் நான்கு வெவ்வேறு நோய்களாகப் பார்த்தது. பால்குடிக் குழந்தைக்குப் போவது ஒன்று, செரியாமல் போவது ஒன்று, சீதபேதி ஒன்று, தண்ணீராய்க் கொட்டும் கடும்பேதி ஒன்று. கடைசியாகச் சொன்னதற்குத்தான் கரைசல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது கற்றவர் பிழையன்று, பாடம் எழுதியவர்கள் தாய்மாரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஆண்களையும் மறந்திருந்தார்கள். கணவன் முகம் சுளித்தால் அந்த வீட்டில் கரைசல் ஏது? பிறகு சந்தையிலும் மசூதியிலும் பள்ளியிலும் ஆண்களிடம் பேசத் தொடங்கினார்கள். பத்தாக இருந்த குறிப்புகளும் ஏழாயின. 1990 வரையிலான பத்தாண்டில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்தப் பாடம் நடந்தது. இன்று வயிற்றுப்போக்குக்கு இத்தகைய கரைசலை மிகப் பரவலாகக் கொடுக்கும் நாடுகளில் வங்கதேசமும் ஒன்று.

பிறர் ஞாபகத்தை வைத்து ஒருவர் கூலியை முடிவு செய்வது அநியாயம் என்று தோன்றலாம். ஒரு தாய் மறதிக்காரியாக இருந்தால் ஊழியர் என்ன செய்வார்? ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமானதே. பல வீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது மறதி எல்லோர் பங்கிலும் ஏறக்குறைய சமமாக விழுகிறது, சொல்லித்தந்த விதம்தான் வேறுபாடாகத் தெரிகிறது. எல்லா மருத்துவமனையும் ஊதியத்தில் கைவைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கற்றவரிடம் போய்க் கேட்டுப் பார்ப்பது ஊதியத்தைத் தொடாமலும் நடக்கக்கூடியதுதான். இதற்கெல்லாம் பதில் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் என்பாரும் உண்டு. வீட்டில் கலந்தால் உப்பு கூடிவிடும் அபாயம் இருப்பதால் பாக்கெட் நல்லதுதான். ஆனால் அதையும் எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் அதே அபாயம் திரும்ப வருகிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்று டாக்டர்களும் நர்ஸ்களும் கேட்பார்கள். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவைப் பார்த்த எவரும் இதைச் சாக்கு என்று சொல்ல மாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பொது மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளோடு டாக்டர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 விழுக்காட்டில் மட்டுமே, நோயாளிக்கு அது பிடிபட்டதா என்று டாக்டர் சரிபார்த்திருந்தார். சரிபார்த்த டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்தச் சந்திப்புகள் மற்றவற்றைவிட நீளவுமில்லை. சிறிய ஆய்வுதான், அதிலிருந்து காரண காரியத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நேரமில்லை என்ற பதிலை அப்படியே ஏற்க அது விடவில்லை.

ஊழியர் பயிற்சிக்கும் இதே அளவுகோல்தான். பயிற்சி முடிந்தது என்பதற்கு வருகைப் பதிவேட்டின் கையெழுத்துகளே சான்றாக இருந்தால், வந்தவர்களின் எண்ணிக்கைதான் தெரியும். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, சில நொடி அடக்கிப் பிடிக்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லும் நர்ஸ், முதலில் தானே ஒருமுறை செய்து காட்டட்டும். பிறகு நோயாளி செய்து காட்டட்டும். இன்சுலின் ஊசிக்கும் அப்படியே.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன், “இதை எப்போ, எதுக்குப் போடுறீங்கன்னு சொல்லுங்கம்மா” என்று ஒரு கேள்வி கேட்கலாம். வந்த பதிலை அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே குறிக்காமல், அவருக்கு முதலில் சொல்லித்தந்த மருத்துவமனையின் பெயருக்கு எதிரே குறித்து அனுப்ப வேண்டும்.