கோடையில் ஒரு பயிற்சிப் பணி - வரைகலை பயிலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

மருத்துவமும் பொறியியலும் மட்டுமே கல்வி என்றிருந்த நம் இல்லங்களிலும் இன்று வரைகலை வடிவமைப்பைக் கற்கும் பிள்ளைகள் தோன்றிவிட்டனர். "படம் வரைந்து எப்படிப் பிழைப்பாய்?" என்று கேட்ட பெற்றோரும், தேநீர்ப் பொட்டலம் முதல் திருமண அழைப்பிதழ் வரை யாரோ ஒருவர் வடிவமைத்தே நம் கைக்கு வருகிறது என்பதை உணரத் தொடங்கியுள்ளனர். எனினும் மூன்றாம் ஆண்டின் இறுதியில் "கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்து சான்றிதழ் கொண்டு வா" என்று கல்லூரி சொல்லும்போது, உற்றார் உறவினருள் அத்துறையில் எவரும் இல்லாத பிள்ளை எங்கே போய் நிற்கும்?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த என் நண்பரின் மகள் இப்படித்தான் நின்றாள். மார்ச் மாதத்தில் இருபது நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். இருபதும் ஒரே கடிதம். மேலே பெயர் மட்டுமே வேறு. ஒன்றிற்கும் பதிலில்லை. தன் பணித்தொகுப்பை, அதாவது மாணவர்கள் போர்ட்ஃபோலியோ என்பதை, என்னிடம் காட்டினாள். நாற்பத்திரண்டு பக்கங்கள்! இல்லாத காப்பிக் கடைக்குச் சின்னம், வெளிவந்த திரைப்படங்களுக்கு மறு சுவரொட்டி, மேலை நாட்டு வடிவங்களின் சாயல்.

"இவற்றுள் எது அச்சேறியது?" என்று கேட்டேன்.

"எதுவும் இல்லை சாச்சா" என்றாள்.

குறை அவளுடைய திறமையில் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கணிப்பொறித் திரையில் அழகாகத் தோன்றுவதும் காகிதத்தில் அழகாக விழுவதும் வேறு வேறு. திரை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஆப்செட் அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் இயங்குகிறது. திரையில் பளிச்சிடும் பச்சை, காகிதத்தில் மங்கிப்போவது இதனாலேயே. காகிதத்தை வெட்டும் கத்தி இம்மியளவு விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, நான்கு புறமும் 3 மி.மீ. மிகுதியாக வண்ணம் விட வேண்டும். படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். இத்தனையையும் வகுப்பில் படித்திருப்பார்கள். கையால் செய்து தோற்றிருக்க மாட்டார்கள்.

அவளுக்குத் தோற்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. அவளுடைய ராத்தாவின் நிக்காஹ் அழைப்பிதழ்! எளிய வேலை என்று எண்ணாதீர்கள். மேலே அரபு எழுத்து, கீழே தமிழ், இரு குடும்பத்துப் பெரியவர்கள் பெயர் வரிசை, ஒருவர் பெயர் மற்றவரினும் சிறிதாகிவிட்டால் வரும் மனத்தாங்கல். இவை அனைத்தையும் ஓர் அட்டையில் அடக்குவது பெரும் சவால். ஊர் அச்சகத்தில் மாதிரித் தாள் எடுத்தபோது சிறிய எழுத்துகள் யாவும் மங்கித் தெரிந்தன. கறுப்பு எழுத்தை நான்கு மைகளும் கலந்த கறுப்பாக அமைத்துவிட்டாள். நான்கு தகடுகளும் ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக விழாதபோது எழுத்து மங்காமல் என்ன செய்யும்? "வெறும் கறுப்பு மை ஒன்றில் போடம்மா" என்று அச்சக முதலாளி சொல்ல, திருத்தினாள். நான் சொன்னபடி, கெட்ட தாளையும் நல்ல தாளையும் அருகருகே பணித்தொகுப்பில் ஒட்டினாள். நாற்பத்திரண்டு பக்கங்கள் பதினொன்றாயின.

அடுத்தது, யாருக்கு எழுதுவது? நல்ல வழியொன்று உண்டு. 1977-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி போன்ற இடங்களில் உங்கள் மனத்தைக் கவர்ந்த அட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் பெரும்பாலும் வடிவமைப்பாளர் பெயர் இருக்கும். அந்த அட்டையைப் பற்றி நான்கு வரி எழுதிய கடிதம், "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும் நூறு கடிதங்களைக் காட்டிலும் மேலானது. விளம்பர நிறுவனங்களை மட்டுமே நினைக்க வேண்டாம். பத்திரிகைப் பக்க அமைப்புப் பிரிவு, பெரிய ஜவுளிக் கடைகளின் விளம்பரப் பிரிவு, உணவுப் பொருள் பொதி செய்வோர், சிவகாசி அச்சகங்கள் என இடங்கள் பல. சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பை ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியிடுவது வழக்கம். ஆகவே நம் விடுமுறை மாதங்களில் அங்கு வடிவமைப்பு வேலை மும்முரமாக இருக்கும். தமிழ் எழுத்துருவைச் செம்மையாகக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு அங்கு மதிப்புண்டு. பல அச்சகங்களில் பழைய முறை எழுத்துருக்களும் யூனிகோடும் கலந்தே புழங்குவதால் இந்தத் திறன் கண்கூடாகப் பயன்படும். மார்ச்சில் எழுதினால் காலம் கடந்துவிடும், சனவரியிலேயே தொடங்குங்கள்.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சி தருகிறோம் என்று உங்களிடமே கட்டணம் கேட்பவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஊதியம் இல்லையென்றால், என்ன கற்பிப்பார்கள், எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வை என்பவற்றையாவது எழுத்தில் வாங்குங்கள். மகளை அனுப்பத் தயங்குவோர் அறிய வேண்டியது: பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுவோரையும் உள்ளடக்குகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். "அக்குழு உண்டா?" என்று முதல் நாளே கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாக நடத்துவோர் அக்கேள்விக்குச் சினம் கொள்வதில்லை.

பிள்ளைகள் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணி ஒப்பந்தத்திலோ தொழிற்பழகுநர் ஒப்பந்தத்திலோ செய்த படைப்பு, வேறு உடன்பாடு இல்லையெனில், வேலை கொடுப்பவருக்கே முதலில் உரிமையாகும். எனவே பணித்தொகுப்பில் காட்ட அனுமதி வேண்டுமென்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டுக் கைவிரிக்கப்பட்டவர்களை நான் அறிவேன்.

நண்பரின் மகள் என்ன ஆனாள் என்கிறீர்களா? சென்னையில் உணவுப் பொதிகளுக்கு அட்டை செய்யும் ஓர் இடத்தில் நேர்காணல். பதினொரு பக்கங்களையும் புரட்டிய தலைமை வடிவமைப்பாளர், கெட்டுப்போன அழைப்பிதழில் மட்டும் நின்றார். அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார். இரண்டு மாதப் பயிற்சி. தங்கியது மாமி வீட்டில். முதல் வேலை, மசாலாப் பொட்டலத்தின் பின்பக்கம். பொதி செய்த பொருள்களில் எடையையும் விலையையும் குறிக்கும் எழுத்தின் உயரத்துக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. அவற்றுக்கு இணங்கத் தமிழையும் ஆங்கிலத்தையும் நெருக்காமல் அமைக்க ஏழு முறை திருத்தினாளாம். பெயர் எங்கும் அச்சாகவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த அவளுடைய வாப்பா, கடைத்தெருவில் அப்பொட்டலத்தைக் கண்டு வாங்கி வந்தார். முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து, பின்பக்கத்தின் சிறிய எழுத்துகளை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.