கண்கள் சாலைக்கே உரியவை

ஜெர்மனியில் மழையினூடே காரை ஓட்டிச் சென்ற ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்றுவதற்காகத் தொடுதிரையைப் பார்த்தார். அதற்குள் கார் சாலையைவிட்டு விலகி விபத்துக்குள்ளானது. அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் கார்ல்ஸ்ரூ உயர்நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. காருடன் பொருத்தப்பட்ட திரையும் ஒரு மின்னணுச் சாதனமே. அதைக் கணநேரம் பார்த்து இயக்கலாமே தவிர, அதிலேயே மூழ்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

மழையில் வைப்பரை இயக்குவது ஓட்டுநரின் கடமை. அந்தக் கடமையே அவருக்குக் குற்றமாக முடிந்தது எப்படி?

முன்பு ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி மின்கம்பிகள் இருந்தன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்னும் தகவல் தொடர்பு முறை இதை மாற்றியது. இப்போது கட்டளை ஒரு மின்னணுச் செய்தியாகப் பொதுவான கம்பியில் பயணித்து, உரிய கட்டுப்பாட்டுக் கருவியை அடைகிறது. செய்தியை அனுப்புவது பொத்தானா, திரையா என்பது அந்தக் கருவிக்கு ஒரு பொருட்டல்ல. பல பொத்தான்களை வடிவமைத்துப் பொருத்துவதைவிட ஒரே திரையில் அனைத்தையும் அடக்குவது உற்பத்தியாளருக்கு எளிது. பின்னர் மென்பொருளைப் புதுப்பித்து வசதிகளைக் கூட்டவும் முடியும்.

கருவிக்கு வேறுபாடு இல்லை, ஓட்டுநருக்கு உண்டு. குமிழை விரல் தடவியே அறியும். நாளடைவில் கைக்கு அதன் இடம் பழகிவிடும். வழவழப்பான திரையில் தடவி அறிய ஏதுமில்லை. உரிய இடத்தைக் கண்தான் தேட வேண்டும். தொட்ட பின்பும் கட்டளை ஏற்கப்பட்டதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் இரண்டு விநாடிகளில் சுமார் 44 மீட்டரைக் கடந்துவிடும்.

ஸ்வீடனின் 'வி பில்எகாரே' இதழ் 2022-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், வெப்பநிலையை மாற்றுதல், வானொலி அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தல் போன்ற நான்கு பணிகளைச் செய்ய, பொத்தான்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோ காரில் 10 விநாடிகள் போதுமானதாக இருந்தன. புதிய கார்களுள் ஒன்றில் 44.9 விநாடிகள் ஆயின; அதற்குள் அந்தக் கார் 1,372 மீட்டர் தொலைவைக் கடந்திருந்தது.

திரையே வேண்டாம் என்பதல்ல வாதம். வழிகாட்டும் வரைபடத்துக்கும் பின்புறக் கேமராவுக்கும் அது இன்றியமையாதது. நிறுத்தியிருக்கும்போது செய்யத்தக்கவை திரையில் இருக்கட்டும். ஓடும்போது உடனடியாகத் தேவைப்படுபவை கைக்கு எட்டும் பொத்தான்களாக இருக்கட்டும். ஐரோப்பாவின் 'யூரோ என்கேப்' அமைப்பும், திசை விளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி விசைகள் இருப்பதை 2026 முதல் தன் பாதுகாப்பு மதிப்பீட்டில் சேர்த்துள்ளது. நமது 'பாரத் என்கேப்' மதிப்பீடும் இந்த வழியில் செல்ல வேண்டும்.

புதிய கார் வாங்குவோர் திரையின் அளவைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வைப்பரையும் குளிர்சாதனத்தையும் இயக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கட்டும்.