விதைத்தவர் காணாத விளைச்சல்

ஒலிம்பிக் விளையாட்டுக்கள் என்றதும் முதலில் நம் நினைவிற்கு வருவது கிரேக்க நாடு. அடுத்து வருவது பிரான்சு தேசத்துக் கூபேர்த்தன் பிரபுவின் பெயர். இவ்விரண்டிற்குமிடையே ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றும் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியோம்.

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லைக்கு அணித்தான ஷ்ரொப்ஷயர்ப் பகுதியில் மச் வென்லொக் என்னும் அவ்வூர் அமைந்துள்ளது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1540 ஆம் ஆண்டில் மூடப்பெற்ற துறவிமடத்தின் இடிபாடுகள் அதன் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. உழவும் சுண்ணாம்புக்கல் அகழ்தலுமே முற்காலத்தில் அவ்வூராரின் தொழில்கள்.

1809 ஆம் ஆண்டில் அங்கு பிறந்தவர் வில்லியம் பென்னி புறூக்ஸ். இலண்டன், பாரிஸ், பாதுவா ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்ற அவர், பெருநகரில் பொருளீட்ட விரும்பாது பிறந்த ஊருக்கே வைத்தியராகத் திரும்பினார். சமாதான நீதவானாகவும் கடமையாற்றிய அவர், தொழிலாளரின் உடலும் அறிவும் ஒருங்கே வளரவேண்டுமெனக் கருதினார். 1841 இல் அவர்களுக்கென ஒரு வாசிகசாலையை நிறுவினார். 1850 ஒக்ரோபரில் முதலாவது வென்லொக் ஒலிம்பிய விளையாட்டுக்களை நடாத்தினார்.

ஓட்டம், பாய்தல், உதைபந்தாட்டம், கிறிக்கெற் என்பவற்றுடன் ஊரார் நகைத்து மகிழ்வதற்கான போட்டிகளும் அங்கே இருந்தன. கண்களைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி உருட்டும் பந்தயம் ஒன்று; ஓர் இறாத்தல் தேயிலையைப் பரிசாக வைத்து மூதாட்டியர் ஓடிய ஓட்டம் மற்றொன்று!

வேடிக்கையினூடே ஒரு பெருங்கொள்கையும் இருந்தது. கைத்தொழிலாளரையும் கூலியாட்களையும் போட்டிகளிற் சேர்க்கலாகாது எனக் கனவான்களின் கழகங்கள் விதி வகுத்த காலம் அது. வைத்தியரோ, களம் எல்லார்க்கும் பொது என்பதில் உறுதியாக நின்றார். 1866 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடைபெற்ற தேசிய ஒலிம்பிய விளையாட்டுக்களுக்கும் அவரே முன்னின்றுழைத்தார். பின்னாளிற் கிறிக்கெற் உலகின் மேதையாக விளங்கிய டபிள்யூ. ஜி. கிறேஸ், தமது பதினெட்டாம் வயதில் அங்கே தடைதாண்டி ஓட்டத்தில் வெற்றியீட்டினார்.

1890 இல் இருபத்தேழு வயதினரான கூபேர்த்தன், எண்பத்தொரு வயது வைத்தியரைக் காண வென்லொக்கிற்கு வந்தார். அவரை வரவேற்று விளையாட்டுக்கள் நடைபெற்றன. மைதானத்தில் ஓக் மரமொன்றும் நாட்டப்பட்டது. ஒலிம்பிக் எண்ணம் இன்னும் உயிரோடிருப்பதற்கு இம்முதியவரே காரணர் என அப்பிரபு பின்னர் எழுதினார்.

1894 இல், ஒலிம்பிக்கை மீட்டெடுக்கப் பாரிசிற் கூடிய மகாநாட்டிற்குச் செல்ல வைத்தியரின் நோயுற்ற உடல் இடந்தரவில்லை. 1895 டிசம்பர் 11 ஆந் தேதி அவர் காலமானார். நான்கே மாதங்களின் பின், 1896 ஏப்ரலில், ஏதென்ஸ் நகரில் உலக நாடுகளின் வீரர்கள் களமிறங்கினர்.

அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு நிறைவதற்குச் சற்று முன்னர், 1994 இல், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமரான்ச் அச்சிற்றூருக்குச் சென்று அவரது கல்லறையில் மலர்வளையம் சாத்தினார். வென்லொக் விளையாட்டுக்கள் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன.

பெரும் பணிக்குப் பெரும் நகரம் வேண்டும் என நாம் எண்ணுகின்றோம். ஓர் ஊர் மைதானமும் ஒரு வாசிகசாலையும் போதும் என்பதை மாணவர்கள் மனங்கொள்வார்களாக!